மூல ஓலை எங்கே?

கல்யாணப் பந்தலுக்கே வந்து கடன் கேட்டு மானத்தை வாங்கியவர்களுக்கு ஒரு பட்டியல் போட்டால், முதல் பெயர் சிவபெருமானுடையதாகத்தான் இருக்கும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் அந்தக் காட்சி வருகிறது. புத்தூரில் சடங்கவியார் வீட்டுப் பந்தல், மாப்பிள்ளைக் கோலத்தில் நம்பியாரூரர். சடங்கு தொடங்கும் நேரத்தில் குடையும் தண்டுமாக ஒரு கிழவர் உள்ளே நுழைகிறார். மாப்பிள்ளைக்கும் தனக்கும் பழைய வழக்கு ஒன்று இருக்கிறதாம், அதைத் தீர்த்துவிட்டுத்தான் கல்யாணமாம். பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலைப்படி இந்தப் பையன் தனக்கு அடிமை என்கிறார்.

பையனுக்குக் கோபம் வராமல் இருக்குமா? கிழவரைத் துரத்திப் பிடித்து, ஓலையைப் பறித்துக் கிழித்துப் போட்டுவிடுகிறார். கிழவர் கூச்சல் போட, வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. சபையோர் கிழவரின் நரைக்கோ நெற்றித் திருநீற்றுக்கோ மயங்கவில்லை. அனுபவப் பாத்தியதை, ஆவணம், அயலார் சாட்சி ஆகிய மூன்றில் ஒன்றையாவது காட்டச் சொல்கிறார்கள். கிழிபட்டது படி ஓலைதான், மூல ஓலை கையில் இருக்கிறது என்கிறார் கிழவர். கணக்கன் அதை வாங்கி உரக்கப் படிக்கிறான். சாட்சிக் கையெழுத்துகள் சரிபார்க்கப்படுகின்றன. அதோடும் விடவில்லை. பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டு எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் தீர்ப்பு.

சைவர்களுக்கு இது இறைவன் தடுத்தாட்கொண்ட கதை. பினாங்கில் இன்று கடன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, செலுத்திய கடன் ஏன் இன்னும் நிலுவையாகக் காட்டுகிறது என்று முழிப்பவர் இதைப் படித்தால் வேறொன்று கண்ணில் படும். உரிமை கோரி வந்தவர் கடவுளே ஆனாலும் நிரூபிக்கும் பொறுப்பு அவர் தலையில் இருந்தது. மூல ஓலையையே வாங்கிப் படித்துப் பார்த்தார்கள். ஊர் முன்னால், இருவரையும் வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில், லெபோ பாசார் பக்கம் ஒரு தேநீர்க் கடையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். தே தாரிக் வந்து ஆறிக்கொண்டிருக்கிறது. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. பல வருடங்களுக்கு முன் அவர் வைத்திருந்த கிரெடிட் கார்டுக்கு இன்னும் பாக்கி இருக்கிறது என்கிறது எதிர்முனை. அது அப்போதே செட்டில் ஆகிவிட்டது என்கிறார் இவர். முதல் நிமிடத்தில் "அண்ணே" என்று கூப்பிட்ட குரல் மூன்றாவது நிமிடத்தில் "நீ" என்கிறது. மறுநாள் அதே குரல் ஆபீஸ் நம்பருக்குப் போகிறது, அதற்கடுத்த நாள் தங்கச்சி வீட்டுக்கு. பெயர் கறுத்துப்போகும், வீட்டுக் கடன் கிடைக்காது, மகனுக்குக் கார் வாங்க முடியாது என்று அடுக்குகிறது. தொல்லை விட்டால் போதும் என்று இவர் இருநூறு வெள்ளியைக் கட்டிவிடுகிறார்.

அந்த இருநூறு வெள்ளியில் ஒரு பொறி இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் 1953-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போட ஆறு வருடம்தான் அவகாசம். கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ ஒரு பகுதியைச் செலுத்தினாலோ அந்த ஆறு வருடம் மறுபடி முதலிலிருந்து எண்ணப்பட இடமுண்டு. பயத்தில் கட்டிய பணம், கடன் இருக்கிறது என்பதற்குக் கடன்பட்டவரே எழுதிக் கொடுத்த சாட்சியாகிவிடுகிறது. திருவெண்ணெய்நல்லூரில் கிழவர் தேட வேண்டியிருந்த ஆதாரத்தை இங்கே எதிராளியே தயாரித்துத் தருகிறார்.

இனி அறிக்கைக்கு வருவோம். மலேசியாவில் கடன் கணக்கு இரண்டு இடங்களில் எழுதப்படுகிறது. ஒன்று மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிரிஸ், 2001 முதல் ஓடுகிறது. வங்கிகள் மாதாமாதம் அனுப்பும் விவரத்தைச் சேர்த்து வைக்கும் கிடங்கு அது. மற்றது சிடோஸ், எக்ஸ்பீரியன் போன்ற தனியார் நிறுவனங்கள். 2010-இல் நிறைவேறி 2014-இல் அமலுக்கு வந்த கடன் அறிக்கை முகமைகள் சட்டத்தின் கீழ் அவை இயங்குகின்றன. நீதிமன்ற வழக்கு, திவால் அறிவிப்பு, வணிகக் கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றையும் சேர்த்துத் தருகின்றன.

சிசிரிஸ் அறிக்கையைத் திறந்தால் ஒவ்வொரு கடனுக்கும் எதிரே பன்னிரண்டு சின்னக் கட்டங்கள், மாதத்துக்கு ஒன்று. தவறாமல் கட்டியிருந்தால் பூஜ்யம், ஒரு மாதம் தவறினால் 1, இரண்டு மாதம் என்றால் 2. பூஜ்யங்களுக்கு நடுவே 1, 2, 3 என்று ஏறிக்கொண்டே போகும் வரிசை, காய்ச்சல்காரனின் வெப்ப அட்டை மாதிரி இருக்கும். வேலை போனதோ, மனைவி ஆஸ்பத்திரியில் இருந்ததோ, வங்கியே வரவு வைக்க மறந்ததோ அந்தக் கட்டத்துக்குள் அடங்காது. தான் யாரையும் கறுப்புப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்று பேங்க் நெகாரா திரும்பத் திரும்பச் சொல்கிறது. அது உண்மைதான். எண் மட்டும் இருக்கிறது, அர்த்தம் பண்ணிக்கொள்வது பார்ப்பவர் பாடு.

பிழை எப்படி நுழைகிறது? கடனைத் தள்ளுபடியில் பேசி முடித்த வசூல் நிறுவனம் ரசீது தந்திருக்கும், வங்கியின் புத்தகத்தில் மிச்சம் அப்படியே நிற்கும். வாராக் கடன்களை மொத்தமாக வேறொரு நிறுவனம் வாங்கியிருக்கும், பழைய செட்டில்மெண்ட் கடிதம் அந்த மூட்டையோடு போயிருக்காது. வழக்கு வாபஸ் ஆகியிருக்கும், வழக்குப் போட்ட தகவல் மட்டும் தங்கியிருக்கும். சில நேரம் ஆளே வேறாக இருக்கும். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தில் ஒருவருக்கு அவருடைய மூன்று கடன் அறிக்கைகளில் ஒன்றிலாவது பிழை இருந்தது. கணக்கு எழுதுவதில் அனுபவம் மிக்க தேசத்தின் நிலைமை அது.

ஆள் மாறாட்டம் தமிழனுக்குப் புதிதல்ல. மலாயா தோட்டங்களில் கிராணி எழுதியதுதான் பெயர். முனியாண்டியை அவர் எந்த எழுத்துக்கூட்டலில் எழுதினாரோ அதுவே பிறப்புப் பத்திரத்திலும் அடையாள அட்டையிலும் ஏறி, பேரன் வரைக்கும் வந்தது. ஒரே தோட்டத்தில் இரண்டு முனியாண்டிகள், இரண்டு பேருக்கும் அப்பா பெயர் ராமசாமி என்றால், கடையில் யார் கடன் யார் தலையில் விழுந்ததோ. 1990 முதல் வந்த பன்னிரண்டு இலக்க அடையாள எண் இந்தக் குழப்பத்தைப் பெருமளவு குறைத்தது. அதே எண் உள்ள அட்டையின் நகல் வட்டி முதலைகளின் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதையும் ஊர் பார்த்திருக்கிறது. ஆலோங் ஆட்கள் படமும் எண்ணும் போட்ட பேனரைத் தெருவிளக்குக் கம்பத்தில் தொங்கவிடுவார்கள், வாசல் கேட்டில் சிவப்புச் சாயம் ஊற்றுவார்கள். கடன் வாங்கியவர் எப்போதோ காலி செய்துவிட்டுப் போன வீடாக இருக்கும். கதவைத் திறப்பவர் அங்கே புதிதாகக் குடிவந்த பாட்டியாக இருப்பார்.

இதற்கும் முன்னால், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தமிழர்கள் ஒரு கடன் அறிக்கையைச் சுமந்தே திரிந்திருக்கிறார்கள். அதன் பெயர் துண்டு. கங்காணியும் அவன் ஆட்களும் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இவ்வளவு கடனைக் கட்டினால் இவர்களை விடுவிக்கச் சம்மதம் என்று துரை ஒரு சீட்டு எழுதித் தருவார். அடுத்த தோட்டத்துத் துரை அதைப் பார்த்துத்தான் ஆளை எடுப்பார். பழைய கடனை அவர் அடைக்க, அந்தத் தொகை புதிய தோட்டத்தில் கூலிக்காரன் பெயரில் பற்றாக ஏறும். சீட்டில் எழுதியிருந்த தொகை சரியா தப்பா என்று படித்துப் பார்க்க, யார் தலைமேல் அது விழுந்ததோ அவருக்கு எழுத்துத் தெரியாது. 1921-இல் அந்தத் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். கடனை ஒழித்ததைவிட, கடன் எழுதிய காகிதம் மனிதனுக்கு முன்னால் போய் நிற்பதை நிறுத்தியதே அந்தச் சட்டத்தின் பெரிய காரியம் என்று தோன்றுகிறது.

ஆக, கேள்வி பழையது. ஒருவர் பட்ட கடனைப் பற்றி எழுதுவது அவரைப் பற்றியே எழுதுவது. அப்படி எழுதும் பேனா யார் கையில் இருக்க வேண்டும்?

இதற்கு மிகத் துணிச்சலான பதில் ஒன்று லெபோ பாசாரிலிருந்து நடக்கும் தூரத்தில் கிடைக்கிறது. பினாங்கின் தமிழ் முஸ்லிம்களோடு இணைந்து வளர்ந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801-இல் எழுந்தது. அங்கே ஓதப்படும் திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் சொர்க்கத்தைப் பற்றியதோ போரைப் பற்றியதோ அல்ல, கடன் பத்திரம் எழுதுவதைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். தவணைக் கடன் எதுவானாலும் எழுதிக்கொள்ளுங்கள், எழுதுபவர் நேர்மையாக எழுதட்டும் என்று தொடங்கும் அது, அடுத்து ஒன்று சொல்கிறது. எழுத வேண்டிய வாசகத்தைக் கடன் பட்டவரே சொல்ல வேண்டும். கொடுத்தவர் சொல்ல, வாங்கியவர் கையெழுத்துப் போடுவது அல்ல அந்த ஏற்பாடு. வாங்கியவர் சொல்ல, மூன்றாம் ஆள் எழுத, சாட்சிகள் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். சொல்லத் தெரியாதவர், பலவீனர் என்றால் அவருடைய காப்பாளர் சொல்லலாம். எழுதுபவருக்கும் சாட்சிக்கும் யாரும் தீங்கு செய்யக் கூடாது என்ற எச்சரிக்கையும் உண்டு.

கொஞ்சம் நின்று யோசித்தால் இதன் புத்திசாலித்தனம் புரியும். இருவரில் பலவீனமானவர் கடன்பட்டவர். அவர் வாயால் சொன்ன தொகை என்றால் பின்னால் அவர் மறுக்க முடியாது. கொடுத்தவர் சொன்ன தொகை என்றால் கூடுதலாக எழுதிக்கொண்டார் என்ற சந்தேகம் சாகும்வரை தீராது. இருதரப்புக்கும் பாதுகாப்பான பதிவு பலவீனமானவரின் வாயிலிருந்து வருவதுதான். இன்றைய சிசிரிஸ் கட்டங்களில் 2 என்ற எண்ணை யார் சொல்ல யார் எழுதுகிறார்கள்? கொடுத்தவர் சொல்கிறார், கொடுத்தவரே எழுதுகிறார். கடன்பட்டவர் அதை முதன்முதலாகப் பார்ப்பது பெரும்பாலும் வீட்டுக் கடன் நிராகரிக்கப்பட்ட அன்றுதான்.

தமிழர்களே பேனா பிடித்த காலமும் இந்த ஊரில் இருந்தது, அதை மறைத்துவிட்டுப் பேசினால் நியாயமாகாது. லெபோ பினாங்கு தெருவில் நகரத்தார்களின் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடம், தரையில் பாய், குட்டையான சாய்வு மேசை, பக்கத்தில் இரும்புப் பூட்டுப் போட்ட பெட்டி. ஒவ்வொரு பெட்டியும் ஒரு கடை, ஒவ்வொரு கடைக்கும் ஒரு விலாசம். விலாசம் என்றால் செட்டியார் வழக்கில் முகவரி அல்ல, முன்னெழுத்துகளால் ஆன நிறுவனப் பெயர். மேலாள் கணக்கைப் பார்ப்பார், அடுத்தாள் வசூலுக்கு அலைவார், பெட்டியடிப் பையன் தொழில் கற்பான். பேரேட்டில் பிள்ளையார் சுழிக்குக் கீழே பற்றும் வரவும் ஓடும். கோயிலுக்கென்று மகமையும் அதே ஏட்டில் தனியாக எழுதப்படும். தைப்பூசத்துக்கு முந்தின நாள் வெள்ளித் தேர் அந்தத் தெருக் கோயில் வீட்டிலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலை அடிவாரத்துக்குப் போகிறது, வழியெங்கும் தேங்காய் உடைபடுகிறது.

செட்டியார் வட்டி இனிப்பாக இருந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அடகு வைத்த நிலம் திரும்பாத கதைகள் ஏராளம். ஆனாலும் கணக்கில் சந்தேகம் வந்தால் கடன்காரர் கிட்டங்கிப் படியேறி, ஏட்டைத் திறக்கச் சொல்லி, எழுதிய கையின் முகத்தைப் பார்த்துச் சண்டை போட முடிந்தது. இன்றைக்கு அந்தச் சண்டையை யாரோடு போடுவது? வங்கிக்குப் போனால் கணக்கை விற்றாகிவிட்டது என்கிறார்கள். வாங்கியவரைக் கேட்டால் வங்கி தந்த விவரம் அதுதான் என்கிறார்கள். முகமையைக் கேட்டால், நாங்கள் தகவலைத் தாங்குகிறோம், உண்டாக்குவதில்லை என்பார்கள்.

பட்டியலிலேயே ஆள் மாறிப்போனால் என்ன செய்வது என்பதை நம் ஊர் யமலோகம் யோசித்து வைத்திருக்கிறது. காஞ்சிபுரத்தில் தனிக் கோயில் கொண்ட சித்திரகுப்தனுக்கு ஏடும் எழுத்தாணியும்தான் ஆயுதம். சித்ரா பௌர்ணமி அவனுக்கு உரிய நாள். அவன் கணக்கு பிசகாது என்பது ஐதீகம். ஐதீகம் ஒருபுறம் இருக்க, ஜனங்களின் அனுபவம் வேறு மாதிரி. சத்வந்த் பஸ்ரிச்சா, இயன் ஸ்டீவன்சன் என்ற இரு ஆய்வாளர்கள், மரணத்தின் வாசல்வரை போய்த் திரும்பியதாகச் சொன்ன வட இந்தியர்கள் 16 பேரின் அனுபவங்களைத் தொகுத்து 1986-இல் வெளியிட்டார்கள். மேலைநாட்டார் சொல்வதிலிருந்து மாறுபட்ட ஒரு கதை அங்கே திரும்பத் திரும்ப வந்தது. தூதர்கள் வந்து பிடித்துப் போகிறார்கள். அங்கே ஒருவர் புத்தகத்தைப் புரட்டுகிறார். நாங்கள் கேட்டது இந்த ஆள் இல்லை, அதே பெயருள்ள இன்னொருவன் என்கிறார். தூதர்களுக்குத் திட்டு விழுகிறது, ஆள் திருப்பி அனுப்பப்படுகிறார்.

அரசு அலுவலகத்தில் வரிசையில் நின்று பழகிய ஒரு சமூகம் மேலுலகத்தைக்கூட அப்படித்தான் கற்பனை செய்யும் என்று சிரிக்கலாம். சிரித்துவிட்டு இதையும் கவனிக்கலாம்: பிழை தெரிந்ததும் அங்கே திருத்தம் உடனே நடக்கிறது. பிடித்து வரப்பட்டவரிடம், நீ அவன் இல்லை என்பதற்குச் சான்று கொண்டுவா என்று யாரும் சொல்லவில்லை. கணக்கு வைத்திருப்பவர் தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்கிறார். திட்டு வாங்குவது தப்பாக வசூலுக்குப் போனவர்கள்.

பினாங்குச் சீனர்களின் மேலுலகம் இன்னும் யதார்த்தமானது. அடுப்படித் தெய்வம் வருடக் கடைசியில் மேலே போய் வீட்டைப் பற்றி அறிக்கை கொடுக்கும், அதற்கு முன்னால் அதன் வாயை இனிக்கச் செய்யத் தீ குவே என்ற பிசுபிசுப்பான பலகாரத்தைப் படைக்கிறார்கள். 'மேற்கு நோக்கிய பயணம்' நாவலில் குரங்கரசன் பாதாளத்துக்கே போய், இறப்புப் பதிவேட்டைப் பிடுங்கி, தன் பெயரையும் தன் இனத்தார் பெயர்களையும் மையால் அடித்துவிட்டு வருகிறான். நம்பியாரூரர் ஓலையைக் கிழித்ததும் இதே உணர்ச்சிதான். கிழிப்பதும் அடிப்பதும் திருத்துவது ஆகாது என்பதைச் சபையோர் சொன்னார்கள், குரங்கரசனுக்கும் பின்னால் மலைக்கடியில் ஐந்நூறு வருடம் காத்திருந்தது.

எழுதப்பட்ட பொய், யாரும் படிக்காதவரை, பாவமா? தத்துவ வகுப்பில் கேட்பது போன்ற இந்தக் கேள்வி 2021-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. ஒருவர் கார் வாங்கப் போன இடத்தில், அவர் பெயர் பயங்கரவாதிகளும் போதைக் கடத்தல்காரர்களும் அடங்கிய அரசுப் பட்டியலில் உள்ள பெயரோடு பொருந்துகிறது என்று டிரான்ஸ்யூனியன் நிறுவனத்தின் கடன் அறிக்கை சொன்னது. பெயரை மட்டும் பார்த்துப் பொருத்தியிருந்தார்கள், பிறந்த தேதியைக்கூடப் பார்க்கவில்லை. இதே மாதிரி குறிக்கப்பட்டவர்கள் 8,185 பேர். அவர்களில் 1,853 பேருடைய அறிக்கைதான் வெளியாருக்குப் போயிருந்தது. அந்த 1,853 பேருக்கு மட்டுமே அந்தத் தவறான குறிப்புக்காக நட்டஈடு கேட்கும் தகுதி உண்டு என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பாயிற்று. அவதூறுக் கடிதம் எழுதி மேசை இழுப்பறையில் பூட்டி வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் வாதம்.

சட்டத்துக்கு அது சரியாக இருக்கலாம். சித்திரகுப்தனை நம்பும் மனம் அதை ஏற்காது. அவன் ஏடும் வாழ்நாள் முழுக்க இழுப்பறையில்தான் கிடக்கிறது, படிக்கப்படும் நாள் ஒன்றுதான். ஆனால் அந்த நாள் நிச்சயம். கடன் அறிக்கையும் அப்படித்தான். வேலைக்குப் போகும்போதும் சாப்பிடும்போதும் அது யாரையும் தொடாது. மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த வாரத்தில் ஒருவர் அதைத் திறந்து பார்ப்பார். பொய் எழுதப்பட்ட நொடியில்தான் அநியாயம் நடந்தது. வாசிக்கப்பட்ட நாளில் அது வெளியே தெரிந்தது, அவ்வளவே.

மலேசிய நீதிமன்றமும் இந்த இழுப்பறையைத் திறந்து பார்த்திருக்கிறது. கடன் நிலவரம் தவறாகக் காட்டப்பட்டதால் வங்கிகளின் நம்பிக்கையை இழந்தேன் என்று ஒரு பெண் தொழில்முனைவர் சிடோஸ் மீது போட்ட வழக்கில், 2024 மார்ச்சில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் 2 லட்சம் ரிங்கிட் நட்டஈடு விதித்தது. தகவலைச் சேர்த்து வைக்கும் நிறுவனம் மனிதருக்குத் தானே மதிப்பெண் போடச் சட்டம் அதிகாரம் தரவில்லை என்றும் நீதிபதி சொன்னார். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. மேலே சட்டம் எப்படி வியாக்கியானம் செய்யப்பட்டாலும், அன்று எழுந்த கேள்வி இங்கே பேசுகிற கேள்விதான்: கணக்கனுக்குத் தீர்ப்பு எழுதும் உரிமையை யார் கொடுத்தது? 300 முதல் 850 வரை ஓடும் அந்த எண்ணில் ஒருவருக்கு 560 என்றால், அது வரலாறா, ஜோசியமா?

திருத்த வழியில்லாமல் இல்லை. இணையத்தில் இசிசிரிஸ் வழியாகத் தன் அறிக்கையை ஒருவர் கட்டணமின்றிப் பார்க்கலாம். பிழை இருந்தால் முதலில் போக வேண்டியது அந்தத் தகவலை அனுப்பிய வங்கிக்கு, ஏனென்றால் எழுதியது அதுதான். செட்டில்மெண்ட் கடிதம், கடைசி ரசீது, வழக்கு வாபஸ் பெற்ற ஆவணம் எல்லாவற்றின் நகலோடும் எழுத்தில் கேட்க வேண்டும். வாயால் சொன்னது காற்றில் போகும். தனியார் முகமையின் அறிக்கையில் பிழை என்றால் அதைச் சரிபார்த்துத் திருத்தக் கேட்கும் உரிமையை 2010-ஆம் ஆண்டுச் சட்டம் தருகிறது. வங்கி மசியவில்லை என்றால் பேங்க் நெகாரா இருக்கிறது, 2025 ஜனவரியில் செயல்படத் தொடங்கிய நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மன் சேவை இருக்கிறது. கடன் உண்மையிலேயே கழுத்தை நெரித்தால், 2006-இல் பேங்க் நெகாரா அமைத்த கடன் ஆலோசனை அமைப்பான ஏகேபிகே இலவசமாக உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தரும். உரிமம் பெற்ற வட்டிக் கடைக்காரர் அடமானக் கடனுக்கு வருடம் 12 சதவீதத்துக்கும் அடமானமில்லாக் கடனுக்கு 18 சதவீதத்துக்கும் மேல் வாங்க முடியாது என்பதும் பலருக்குத் தெரியாத பழைய சட்டம்.

பினாங்குக்காரர்களுக்கு இன்னொரு வாசலும் உண்டு. இராமநாதபுரம் சீமையிலிருந்து சிறுவயதில் வந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ், 2019-இல் மறையும்வரை பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை நடத்தினார். அந்தச் சங்கம் தமிழ் உட்பட நான்கு மொழிகளில் பத்திரிகை போட்டது, மேசைக்கு எதிரே உட்கார வைத்து மனுவை எழுதிக் கொடுத்தது. வாங்கியவர் சொல்ல, மூன்றாம் ஆள் எழுதுவது என்ற அந்த 282-ஆம் வசன ஏற்பாடு வேறொரு வேடத்தில் அங்கே நடந்தது என்று சொன்னால் அவர் மறுத்திருக்க மாட்டார்.

இத்தனை வாசல்களிலும் ஒரு விஷயம் பொது. தட்ட வேண்டியவர் பிழையால் அடிபட்டவர். பத்து வருடப் பழைய ரசீதைத் தேடி அலமாரியைக் கொட்டிக் கவிழ்ப்பதும் அவரே. கணினியும் களஞ்சியமும் வைத்திருப்பவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, கொண்டுவாருங்கள் பார்க்கலாம் என்கிறார். திருவெண்ணெய்நல்லூர் முறை தலைகீழாகிவிட்டது. 2025-இல் மலேசிய நாடாளுமன்றம் நிறைவேற்றிய பயனீட்டாளர் கடன் சட்டம், இதுவரை கண்காணிப்பார் இல்லாமல் இருந்த வசூல் நிறுவனங்களையும் வாராக் கடன் வாங்குவோரையும் ஓர் ஆணையத்தின் கீழ் கொண்டுவருகிறது. வசூலுக்கு வருபவர் முதலில் மூல ஓலையைக் காட்டட்டும் என்ற ஒற்றை விதியை அந்த ஆணையம் எவ்வளவு கறாராகப் பிடிக்கும் என்பதில்தான் அதன் பெறுமானம் இருக்கிறது.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது லேசானதும் அல்ல. கடன் வாங்கியவர் எல்லோரும் அப்பாவிகள் இல்லை. பிழை, பிழை என்று கூவி உண்மையான பாக்கியிலிருந்து தப்பப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கட்டாத பணத்தின் பாரம் ஒழுங்காகக் கட்டுபவரின் வட்டியில் ஏறுகிறது. நம்பியாரூரர் கதையிலேயே ஓலை உண்மையானது, தோற்றவர் கிழித்தவர்தான். திருத்தம் வேறு, மன்னிப்பு வேறு என்பதைச் சமயங்கள் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கின்றன. கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள், விட்டுக்கொடுத்தால் இன்னும் நல்லது என்று அதே அல்பகரா அத்தியாயம் 280-ஆம் வசனத்தில் சொல்கிறது. அது கொடுத்தவரின் பெருந்தன்மை. பொய்யாக ஏறிய ஒரு 3-ஐ அடித்து 0 ஆக்குவதில் பெருந்தன்மைக்கு வேலையே இல்லை. வங்கிக் கவுண்டரில் அதற்காக "தயவுசெய்து" என்று ஒருவர் கெஞ்ச நேரும்போது, இந்த இரண்டும் குழம்பிவிட்டன என்று அர்த்தம்.

இயந்திரத்துக்கு ஒரு கருணை மட்டும் வாய்த்திருக்கிறது, அதுவும் தெரியாமல் வாய்த்தது. சிசிரிஸ் காட்டுவது பன்னிரண்டு மாதம். பதின்மூன்றாவது மாதம் பழைய கட்டம் இடப்பக்கமோ வலப்பக்கமோ விழுந்து மறைந்துவிடும். சித்திரகுப்தனுக்கு அந்த மறதி கிடையாது.

திருவெண்ணெய்நல்லூரில் தீர்ப்புச் சொன்ன பிறகும் சபையோர் எழுந்துபோய்விடவில்லை. ஜெயித்தவரைப் பார்த்து இன்னொன்று கேட்டார்கள். ஓலையில் இந்த ஊர்க்காரர் என்று எழுதியிருக்கிறதே, உமது வீடு எங்கே, காட்டும் என்றார்கள். கிழவர் முன்னால் நடந்தார், ஊரார் பின்னால் போனார்கள், அவர் திருவருட்டுறைக் கோயிலுக்குள் நுழைந்து மறைந்தார். லெபோ பாசார் தேநீர்க் கடையில் போன் மறுபடி அடிக்கிறது. ஐம்பது வயதுக்காரர் இந்த முறை பணத்தைப் பற்றிப் பேசவில்லை. எந்தக் கம்பெனி, ஆபீஸ் எந்தத் தெருவில் இருக்கிறது, யாரிடம் வந்து பேப்பரைப் பார்க்கலாம் என்று கேட்கிறார். எதிர்முனை சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, லைனை வெட்டுகிறது.